‘ம்’முக்குக் கட்டணமில்லை

சும்மா இருப்பதற்கு என்ன விலை என்று நிர்ணயிப்பது என் உத்தியோகம். கேட்டால் சிரிப்பு வரும். என் அக்கா மாப்பிள்ளைக்கும் வந்தது. “சும்மா இருக்கதுக்குச் சம்பளம் வாங்குதவனைப் பாத்திருக்கேன், அதுக்கு வெல போடுதவளை இப்பத்தான் பாக்கேன்” என்றார். அவரோடு நான் பேசுவதில்லை. அதற்குக் காரணம் வேறு.

பெயர் பிரம்மசக்தி. வயது ஐம்பத்துமூன்று. தூத்துக்குடியில் உப்பளங்களைத் தாண்டி, கடல் தண்ணீரை உறிஞ்சித் தன் சூட்டைத் தணித்துக்கொண்டு நிற்கிறதே பொதுக் கணிப்பகம், அங்கே கட்டண அலுவலர். நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே இயந்திரம். வானிலைக்காரர்கள், பல்கலைக்கழகம், மீன்வளத் துறை, ஆஸ்பத்திரிகள் என்று ஆளாளுக்கு ஒரு பங்கு. யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று மீட்டர் சொல்லும். அதற்கு என்ன விகிதம் என்று வருஷா வருஷம் நான் சொல்வேன். லாபமும் கூடாது, நஷ்டமும் கூடாது. இது ஒன்றுதான் சட்டம். இதில் நான் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும், நானும் மறுத்ததில்லை.

இந்த இயந்திரத்தில் ஒரு பகுதி உள்குரல் பிரிவுக்கு. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பக்கவாதத்தில் உடம்பு மொத்தமும் விழுந்து, நாக்கும் விழுந்து, உள்ளே மட்டும் முழுசாக விழித்திருக்கிறவர்களுக்கானது அது. தலையில் ஒரு பட்டை கட்டுவார்கள். அவர்கள் மனதுக்குள் ஒரு சொல்லைச் சொன்னால் பட்டை அதைப் பிடித்து எங்களுக்கு அனுப்பும். எங்கள் இயந்திரம் அது என்ன சொல் என்று கண்டுபிடித்து, கட்டில் பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கிக்குத் திருப்பி அனுப்பும். இதற்காக ஒவ்வொருவருக்கும் இயந்திரத்துக்குள் ஒரு இருக்கை உண்டு. மூளை நாளுக்கு நாள் மாறும், இருக்கையும் கூடவே மாறிக்கொண்டு வரும். மூன்று நாள் மூடி வைத்தால் பிடி நழுவிவிடும். பிறகு புதிதாகப் பழக்க வேண்டும். அதற்கு நோயாளி ஆறு வாரம் உட்கார்ந்து இரண்டாயிரம் சொற்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்ல வேண்டும். உடம்பு தளர்ந்தவர்களால் அது முடியாது. மூடினால் மூடியதுதான்.

அந்தப் பிரிவுக்கு முதல் வருஷம், இருக்கைக்கு மாதம் ஒரு வாடகை, அதற்கு மேல் சொல்லுக்கு இவ்வளவு என்று வைத்தேன். ஒலிபெருக்கியில் வரும் ஒவ்வொரு சொல்லும் பயன்பாடு. கணக்கு சுத்தமாக இருந்தது. இரண்டாம் மாதமே பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தலைமையாசிரியர் பில்லும் கையுமாக வந்து என் மேஜையில் அடித்தார்.

“எங்க அப்பாவுக்கு தெனம் பேப்பர் வாசிக்கேன். அவரு நானூறு தடவை ‘ம்’ங்காரு. நானூறையும் எண்ணி வச்சிருக்கிய! உம் கொட்டுததுக்கெல்லாமா துட்டு?”

நியாயம்தானே? நம் ஊரில் ஒருவர் பேசினால் எதிரே இருப்பவர் உம் கொட்டியாக வேண்டும். கொட்டாவிட்டால் “என்ன, கேக்கியா இல்லியா?” என்று சண்டை வரும். மூச்சு விடுவது மாதிரி அது. அடுத்த வாரம் ஒரு பத்திரிகை, ‘ம்’ என்றால் மீட்டர் ஓடும் என்று படம் போட்டுக் கிண்டல் செய்தது. எனக்கு மானம் போய்விட்டது. பொறியாளர் ஞானதுரையைக் கூப்பிட்டேன்.

“லேசான வேலை மேடம்” என்றார். “எண்ணுத எடத்துக்கு முன்னாடியே ‘ம்’மத் தள்ளிவிட்டுட்டா போச்சு. கணக்குலயும் ஏறாது, ஒலிபெருக்கிக்கும் போவாது. அது சொல்லே இல்லயே மேடம், வெறும் சத்தந்தானே.”

கையெழுத்துப் போட்டேன். ‘இனி ‘ம்’முக்குக் கட்டணமில்லை’ என்று எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒட்டினோம். பில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பாளையங்கோட்டைக்காரர் சால்வை போட்டார். ‘ம்’ வராததை அதிகம் பேர் கவனிக்கவில்லை; கவனித்தவர்களும் பில்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். நோயாளிகளோ பேச வேண்டியதைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்து வந்தது உறங்கும் இருக்கைகள். தொண்ணூறு நாள் ஒரு சொல்கூட வராத இருக்கைக்கு நான் வைத்த பெயர் அது. சொல் வராவிட்டாலும் இருக்கை இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும், மின்சாரம் தின்றுகொண்டுதான் இருக்கும். வெளியே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் காத்திருப்பில். அதில் பாதிப் பேர் சின்ன வயசுக்காரர்கள். யாரையும் எழுந்து போ என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் விலையை ஏற்ற அதிகாரம் இருக்கிறதே? உறங்கும் இருக்கைக்கு மூன்று மடங்கு வாடகை போட்டேன். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் தாங்களாகவே கையெழுத்துப் போட்டு இருக்கையை விட்டுக்கொடுத்தன. யாரும் யாரையும் விரட்டவில்லை, ஒரு சத்தம் இல்லை, ஒரு சண்டை இல்லை. இவ்வளவு நாசூக்காக ஒரு வேலையை முடித்தோமே என்று அன்று எனக்குப் பெருமை.

அதற்கு அடுத்த வருஷம் ஐந்து மடங்கு என்று வரைவு போட்டேன். வரைவு போட்டால் முப்பது நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். ஆட்சேபிப்பவர் நேரில் வந்தால், ‘முடித்துக்கொண்டேன்’ என்று அவர் சொல்லும்வரை கட்டண அலுவலர் கேட்க வேண்டும் என்பது விதி. என் எட்டு வருஷ உத்தியோகத்தில் அப்படி ஒரு ஆளும் வந்ததில்லை. அந்த வருஷம் இஞ்ஞாசி மச்சாது வந்தார்.

துறைமுகத்தில் இழுவைக் கப்பல் இஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதிருக்கும். பனைமட்டை மாதிரி கை. மனைவி பிலோமினாளுக்கு இருக்கை எண் நானூற்றுப் பதினேழு, நூற்று நாற்பத்துமூன்று நாளாகச் சொல் இல்லை. ஐந்து மடங்கு வந்தால் அவரால் கட்ட முடியாது. வந்து உட்கார்ந்ததுமே அதைச் சொல்லிவிட்டார்.

நானும் பொறுமையாக விளக்கினேன். “டவுன் பஸ்ல காலி சீட்டு போனாலும் டீசல் செலவு உண்டு சார். அந்த சீட்டுக்காக ரோட்டுல ஆள் நிக்கும்போது, சும்மா அடைச்சு வச்சிருக்கிறது நியாயமா?”

“சும்மாவா?” என்றார். “நங்கூரம் போட்டு நிக்குத கப்பல்லயும் இஞ்சினை சூடாத்தான் வச்சிருப்போம். கூப்பிட்ட நிமிசம் போணும்லா. அது சும்மா நிக்குதுன்னு நீங்க சொன்னா, கப்பலைப் பத்தி ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம்.”

“அவங்க பேசுறதில்லையே சார்.”

“பேசல. ஆனா கேக்கா.”

“எப்படித் தெரியும்?”

வேறு எதையோ பேச ஆரம்பித்தார். எண்பதுகளில் வந்த புயலில் ஒரு தோணி பாலத்தில் மோதிய கதை. ஒரு மணி நேரம் ஆனது. “முடிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டேன். “இன்னும் இருக்கு, நாளைக்கு வாரேன்” என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். விதியைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், கள்ளன்! முடித்துக்கொண்டேன் என்று சொல்லாதவரை வரைவு வரைவாகவே கிடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டேன். ஆறாவது நாள் மாலத்தீவுக் கப்பல் கதை. கேப்டனின் பூனை துறைமுகத்தில் இறங்கி ஓடிவிட்டது, பூனை இல்லாமல் கப்பலை எடுக்க மாட்டேன் என்று கேப்டன் உட்கார்ந்துவிட்டான், மூன்று இழுவைக் கப்பல்கள் கயிற்றைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்கின்றன. பூனை கிடைத்ததா என்று சொல்லாமல் அன்று போய்விட்டார். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தப் பூனையைப் பற்றியே யோசித்தேன்.

மில்லர்புரத்தில் மாடி வீடு. நான் ஒருத்தி. ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு வருஷத்தில் முடிந்தது. அதன் பிறகு வீட்டில் நான் பேசினால் கேட்க ஆள் இல்லை. குக்கர் விசிலை எண்ணும்போது மட்டும் வாய் விட்டுச் சொல்வேன். இருபது வருஷமாக இது எனக்கு ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. ஏழாவது நாள் மச்சாது வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு, அப்பாடா தொலைந்தார் என்றேன். ஒரு மணிக்கு வாசலைப் பார்த்தேன். டப்பாவைத் திறந்து சாப்பிடும்போது மணி மூன்று. எனக்குத் தனிமையாக இருந்தது. இந்த ஒரு வரியைச் சொல்ல ஐம்பத்துமூன்று வயது ஆக வேண்டியிருந்தது, பாருங்கள்.

எட்டாவது நாள் வந்தார். “பிலோமிக்குக் காய்ச்சல்” என்றார்.

“பூனை கிடைச்சுதா அண்ணாச்சி?” என்று கேட்டேன். சார் எப்போது அண்ணாச்சி ஆனார் என்று எனக்கே தெரியாது.

அவர் சிரித்துவிட்டார். “ஒங்ககிட்டப் பேசுதது சொகமா இருக்கும்மா. நீங்க உம் கொட்டுதிய பாருங்க, அதான். பிலோமி அப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் மீனை அரிஞ்சிக்கிட்டே உம் கொட்டுவா. உம் இல்லன்னா எனக்கு வாய் ஓடாது. இப்ப தெனம் நாலரைக்கு அவ பக்கத்துல போயி உக்காருதேன், ரெண்டு வரி சொல்லுதேன். ஒண்ணும் வரமாட்டேங்கு. பத்து நிமிசம். அதுக்கு மேல முடியல, எந்திச்சிப் போயிருவேன்.”

“கடைசியா என்ன சொன்னாங்க?”

“‘பொறவு’ன்னா. பொறவு பேசுவோம்னு சொல்லுதா, அசதியா இருக்கு போலன்னு நானும் விட்டுட்டேன். அதோட சரி. அதுக்குப் பொறவு ஒரு ம்முகூட இல்ல.”

நான் ‘ம்’ என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சத்தம் என் காதிலேயே விழுந்தது. ஒரு ம்முகூட இல்லை. எப்படி இருக்கும்? அவள் சொல்லியிருந்தாலும் அவர் காதுக்கு எப்படி வரும்? நான்தானே கையெழுத்துப் போட்டேன்!

“அண்ணாச்சி, இருங்க” என்று எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஞானதுரை அறைக்கு ஓடினேன்.

“தள்ளிவிடுற ‘ம்’மெல்லாம் எங்க போகுது?”

“எங்கயும் போவாது மேடம். அழிஞ்சிரும். ஆனா எத்தனை தள்ளுனோம், எப்பத் தள்ளுனோம்னு மட்டும் இருக்கும். பழுது பாக்கதுக்கு.”

“நானூத்திப் பதினேழு.”

தட்டினார். பார்த்தார். மறுபடியும் தட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததை நான் மறக்க மாட்டேன்.

நூற்றைம்பது நாளில் ஐம்பத்தெட்டாயிரம்.

“வெறும் இரைச்சலா இருக்குமோ?” என்றேன். அப்படி இருந்துவிடாதா என்று இருந்தது எனக்கு.

“இரைச்சல்னா நேரங்காலம் பாக்காம வரும் மேடம். இது நாலரைக்கு ஆரம்பிக்கு. நாலே முக்காலுக்கு மேலதான் கூடுது. கூடிக்கிட்டே போயி, ஏழு மணிக்கு அடங்குது. தெனமும் இதே மாதிரி. சொல்லா எடுக்கதுக்கு அவங்களுக்குத் தெம்பு இல்லாம போயிருக்கும். இது ஒண்ணுதான் மிச்சம் போல.”

நாலே முக்காலுக்கு மேல் ஏன் கூடுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நாலு நாற்பதுக்கு அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவள் அங்கே படுத்துக்கொண்டு, ம், ம், ம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சொல்லுங்க, மேலே சொல்லுங்க என்று இரண்டரை மணி நேரம். அந்தப் ‘பொறவு’ம் அதுதான். பொறவு பேசுவோம் என்று அவள் சொல்லவில்லை. பொறவு என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஒலிபெருக்கிக்குக் கேள்வியாகக் கேட்கத் தெரியாது. எல்லாச் சொல்லையும் ஒரே தட்டையாகச் சொல்லும். ஒருத்தர் உம்முக்காகக் காத்திருந்தார், இன்னொருத்தி கதைக்காகக் காத்திருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் என் கையெழுத்து இருந்தது.

அன்றைக்கே ஞானதுரை அந்த ஒரு இருக்கைக்குத் தடுப்பை எடுத்துவிட்டார். அண்ணாச்சியிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. “உங்க வீட்டுக்கு வரணும், ஒலிபெருக்கியைச் சரிபார்க்கணும்” என்று மட்டும் சொன்னேன். திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த வீடு. பிலோமினாள் சுவரோடு போட்ட கட்டிலில் இருந்தாள். நல்ல நீலச் சேலை கட்டி, தலைவாரி, பவுடர் போட்டு வைத்திருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மணி நாலரை.

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றேன். “பூனைக் கதையைச் சொல்லுங்க. நான் பேச மாட்டேன்.”

அவர் கூச்சப்பட்டார். தொண்டையைச் செருமினார். “பிலோமி, அந்த மாலத்தீவுக் கப்பல் பூனை இருக்குல்லா…”

“ம்” என்றது ஒலிபெருக்கி.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான்தான் கொட்டினேன் என்று நினைத்து. நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

“ம்” என்று திரும்ப வந்தது.

அண்ணாச்சி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “பிலோமி?” என்றார்.

“ம்.”

“நீ கேட்டுக்கிட்டா இருந்த?”

“ம்.”

“இத்தன நாளும்?”

“ம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீஸில் அழுதாலே கேவலம் என்று நினைக்கிறவள், ஒரு அந்நியர் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். அவர் என்னை மறந்தே போனார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பூனை கிடைத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு அவர் ஆபீஸுக்கு வரவே இல்லை. ஏன் வருவார்? முடித்துக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார். நான் பதினொரு மணிக்கு வாசலைப் பார்க்கிற பழக்கம் போக மூன்று மாதம் ஆயிற்று.

ஐந்து மடங்கு வரைவைக் கிழித்தேன். மூன்று மடங்கையும் எடுத்தேன். தடுப்பை எல்லா இருக்கைக்கும் நீக்கி, கட்டணத்தையும் இருக்கை அடைக்கும் இடத்துக்கு மட்டும் என்று மாற்றினேன். பேசினாலும் ஒன்று, பேசாவிட்டாலும் ஒன்று. இதில் எல்லாருக்கும் நல்லது நடந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இருநூறு பேருக்குக் குறையாமல் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். கோவில்பட்டியிலிருந்து ஒரு தாய், பத்தொன்பது வயது மகனுக்காக, என்னைச் சபித்தே கடிதம் எழுதியிருக்கிறாள். கடிதம் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முப்பத்தெட்டு இருக்கைகள். மூன்று மடங்கு வைத்து நான் நாசூக்காக மூடவைத்தேனே, அவை. எண்ணிக்கையை எடுத்துத் தரச் சொன்னபோது ஞானதுரை, “வேண்டாம் மேடம்” என்றார். நான் விடவில்லை. முப்பத்தெட்டில் ஏழில் ஒன்றும் இல்லை. முப்பத்தொன்றில் ‘ம்’ இருந்தது. கடைசி நாள்வரை இருந்தது.

இயக்குநரிடம் போனேன். நல்ல மனிதர். “அந்த இருக்கையைத் திருப்பி உண்டாக்க முடியாது இல்லையா?” என்றார்.

“முடியாது சார். அவங்களால ஒரு சொல்லுகூட எடுக்க முடியாது, எப்படிப் பழக்குறது?”

“அப்ப ஏன்மா சொல்லணும்? பேசல, போயிட்டாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டு இருக்கிற குடும்பம். உள்ளதான் இருக்காங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஆனா இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு போய்ச் சொல்றது யாருக்கு நல்லது? உங்க மனசுக்குத்தான் நல்லது.”

அவர் சொன்னது தப்பில்லை. பத்து நாள் தூக்கம் கெட்டு யோசித்தும் அதை என்னால் தப்பு என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு ஆள் விட்டுப்போயிருந்தது. குடும்பத்துக்கு நல்லதா, எனக்கு நல்லதா என்று கேட்டார். கட்டிலில் கிடக்கிறவர்களுக்கு எது நல்லது என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே அந்த வீடுகளைச் சும்மா இருக்க விடுவதா?

தபாலில் எழுதிப் பார்த்தேன். ‘ஐயா, வணக்கம்’ என்பதைத் தாண்டி ஓடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கிளம்புகிறேன், வாரத்துக்கு ஒரு வீடு. முதலில் வீட்டுக்காரர்களிடம் சொல்வேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு பெண் செருப்பால் அடிக்க வந்தாள், அடிக்கவில்லை. பிறகு, அவர்கள் விட்டால், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளியிடம் சொல்வேன். முழுசாக, முதலிலிருந்து, இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே.

ஆமாம், வடிவம்மா. இதுவரை ஏழு வீட்டில் சொல்லியாயிற்று. இது எட்டாவது வீடு. ஏரல், கீழத்தெரு. உங்கள் இருக்கை எண் இருநூற்று ஒன்பது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தீர்கள் என்று கோப்பில் இருக்கிறது. உங்கள் எண்ணிக்கை இருபத்திரண்டாயிரத்து நானூற்று ஆறு. கடைசி ‘ம்’ இருக்கையை மூடுவதற்கு நாலு நிமிடம் முன்பு. அந்த நேரத்தில் உங்களிடம் யார் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் தலையில் பட்டை இல்லை. நான் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேனே, கவனித்தீர்களா? அது உங்களுக்கான இடம். நீங்கள் அந்த இடத்தில் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குக் கேட்காது. திட்டினாலும் கேட்காது. திட்டுங்கள். மன்னிப்புக் கேட்க வந்தேன்; அதற்கும் ‘ம்’ என்று நீங்கள் சொல்லாமல் இருக்கலாம், அது உங்கள் இஷ்டம்.

உங்கள் தங்கை சொர்ணம் இவ்வளவு நேரமும் அடுக்களையில் இருந்தாள். வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. “அவகிட்டப் பேசுதது செவுத்துட்டப் பேசுத மாதிரிதான். ரெண்டு வருசமா நான் பேசுததில்ல” என்றாள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதோ, இப்போது கையைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் வந்து நிற்கிறாள்.

“ஏதாச்சும் சொன்னாளா?” என்று கேட்கிறாள்.

“சொல்லியிருப்பாங்க” என்கிறேன்.

அவள் உள்ளே வருகிறாள். எனக்குப் பக்கத்தில் கட்டில் சட்டத்தில் உட்காருகிறாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உங்கள் போர்வையை இழுத்து இழுத்துச் சரிசெய்கிறாள். உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.

“ஏக்கா” என்கிறாள். “ஒன் வெள்ளாடு குட்டி போட்டுச்சு. போன ஆடியில. ரெண்டும் கெடா. ஒங்கிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்கோ.”

சொல்லிவிட்டு நிறுத்துகிறாள். பழக்கதோஷத்தில் ‘ம்’ என் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் கொட்ட மாட்டேன், வடிவம்மா. உம் கொட்ட வேண்டியது நீங்கள்.